தொகையில் மறைந்த தொழிலாளி

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கு இனி ஊதியம் கிடைக்கும் என்று 2025 ஜூன் மாதத்தில் செய்தித்தாள்கள் எழுதின. அச்செய்தியில் ஒரு சொல் பிழை. ஊதியம் என்பதே அது.

கலிஃபோர்னியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி கிளாடியா வில்கன் ஜூன் 6 அன்று ஒப்புதல் அளித்த உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் தம் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஒரு பல்கலைக்கழகம் முதலாண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம். 2016 முதல் ஆடியவர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் இழப்பீடாக வழங்கப்படும். தொகை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வீரர்களை ஊழியர் என்று ஒப்புக்கொள்ளும் வரி அவ்வுடன்பாட்டில் இல்லை. பல்கலைக்கழகங்கள் எழுதிக்கொள்ளும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் அப்பணம் ஆட்டத்துக்கான கூலியாகக் குறிக்கப்படுவதும் இல்லை. வீரரின் பெயர், உருவம், சாயல் ஆகியவற்றைப் பயன்படுத்திக்கொள்வதற்கான உரிமக் கட்டணம் என்றே அது எழுதப்படுகிறது. களத்தில் மோதி விழும் உடலுக்கு விலை இல்லை; அவ்வுடலின் நிழலுக்கு விலை உண்டு.

இதைச் சொற்சிலம்பம் என்று தள்ளுவோர் உண்டு. பணம் கைக்கு வந்தபின் அதற்கு என்ன பெயரிட்டால் என்ன என்பது அவர்கள் வினா. அறுபது எழுபது ஆண்டுகளாக அந்நாட்டு நீதிமன்றங்களில் நடந்துவருவதைப் பார்த்தவர் இவ்வினாவைக் கேட்கமாட்டார். இங்கே பெயர்தான் வழக்கை முடித்திருக்கிறது.

‘ஸ்டூடண்ட் அத்லெட்’, அதாவது ‘மாணவ வீரர்’ என்னும் சொற்றொடர் பேச்சு வழக்கிலிருந்து நீதிமன்றத்துக்குப் போனதன்று. நீதிமன்ற வழக்குக்காக வார்க்கப்பட்டுப் பேச்சு வழக்கில் இறக்கிவிடப்பட்டது. அதை வார்த்தவர்கள் யார், எதற்காக வார்த்தார்கள் என்பதும் மறைபொருள் அன்று. கல்லூரி விளையாட்டை ஆளும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் செயல் இயக்குநர் வால்டர் பையர்ஸ், 1951 முதல் 1980களின் பிற்பகுதி வரை அப்பதவியில் இருந்தவர். ஓய்வுபெற்றபின் 1995இல் வெளியிட்ட தம் நூலில் அவரே அதை ஒப்புக்கொண்டார். வீரர்களை ஊழியர் என்று அரசு அமைப்புகள் கருதிவிடக்கூடும், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கல்லூரிகளின் மேல் பாயக்கூடும் என்னும் அச்சத்தில் அச்சொல்லை உருவாக்கியதாகவும், விதிநூல்களிலும் விளக்கங்களிலும் அதையே கட்டாயப்படுத்தியதாகவும் அவர் எழுதினார். கல்லூரி அணிகளை ‘கிளப்’ என்று எழுதவேண்டாம், அது தொழில்முறை ஆட்டத்தின் சொல் என்று விளம்பரத்துறையினருக்கு அறிவுறுத்தியதையும் அவர் மறைக்கவில்லை. ஒரு நிறுவனம் தனக்கென அகராதி எழுதிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் அரிது.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. எர்னஸ்ட் நெமத் என்பவர் டென்வர் பல்கலைக்கழக அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். (இது உலகம் அறிந்த உதைபந்து அன்று, பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவனை எதிரணியினர் மோதி வீழ்த்தும் ஆட்டம்.) பல்கலைக்கழகம் அவருக்கு டென்னிஸ் களங்களைப் பராமரிக்கும் வேலை தந்திருந்தது. பயிற்சியில் முதுகில் அடிபட்டது. அந்த வேலையும் ஆட்டமும் ஒன்றோடொன்று பிணைந்தவை, ஆகவே காயம் பணியில் நேர்ந்ததே என்று 1953இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லூரிகள் திடுக்கிட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி அணியில் ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி இழப்பீடு கோரினார். 1957இல் அதே உச்ச நீதிமன்றம் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. கல்லூரி கால்பந்து வணிகம் நடத்தவில்லை என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. ஒரு கைம்பெண்ணுக்குச் சேரவேண்டிய தொகையை மறுப்பதற்கு ஒரு கோட்பாடு தேவைப்பட்டது. அக்கோட்பாட்டுக்கு ஒரு பெயரும் தேவைப்பட்டது. இரண்டும் அந்தப் பத்தாண்டில்தான் உருவாயின.

தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு இச்சொல்லின் தந்திரம் எளிதில் புலப்படும். ஆங்கிலத்தில் இரு பெயர்களுக்கு நடுவே ஒரு சிறு கோடு மட்டும் கிடக்கிறது. அதை எப்படி விரிப்பது? மாணவரும் வீரரும் என்று விரித்தால் உம்மைத்தொகை. மாணவராகிய வீரர் என்று விரித்தால் இருபெயரொட்டு. கல்லூரிகள் இரண்டையும் வேண்டியபோது வேண்டியபடி விரித்தன. கூலி கேட்டால் அவர் மாணவர். தேர்வு நாளில் வெளியூர் ஆட்டம் வந்தால் அவர் வீரர். காயத்துக்கு ஈடு கேட்டால் மீண்டும் மாணவர்.

கூர்ந்து நோக்கினால் இது அன்மொழித்தொகை என்றே படுகிறது. ‘பொற்றொடி வந்தாள்’ என்றால் வந்தது தொடி அன்று, தொடி அணிந்த பெண். அவளைக் குறிக்கும் சொல் அத்தொடருக்குள் இல்லை, புறத்தே நிற்கிறது. ‘மாணவ வீரர்’ என்னும் தொடருக்குப் புறத்தே நிற்கும் சொல் ‘தொழிலாளி’. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. இலக்கணத்தில் அந்தப் புறமொழியைக் கேட்பவர் தாமே வருவித்துக்கொள்வார். இங்கோ, அதை எவரும் வருவித்துவிடலாகாது என்பதற்காகப் பெருஞ்செலவில் வழக்கறிஞர்கள் அமர்த்தப்படுகிறார்கள்.

இதன் விலையை உடலால் கொடுத்தவர்களுள் கென்ட் வால்ட்ரெப் ஒருவர். டெக்சஸ் கிறித்தவப் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். 1974 அக்டோபரில் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்து முறிந்து உடல் செயலிழந்தது. ஒன்பது மாதங்கள் மருத்துவச் செலவை ஏற்ற பல்கலைக்கழகம் அதற்குமேல் கைவிரித்தது. குடும்பம் நன்கொடைகளைக் கொண்டு பல ஆண்டுகள் காலம் தள்ளியது. 1990களில் அவர் தொழிலாளர் இழப்பீடு கோரினார். மாநில ஆணையம் அவர் பக்கம் நின்றது. காப்பீட்டு நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 2000ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் ஊழியர் அல்லர் என்று முடித்தது. அவர் பெற்ற உதவித்தொகைக்கு வரி பிடிக்கப்படவில்லை என்பதும் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. கூலியைக் கூலி என்று எழுதாதவன், அது கூலி அன்று என்பதற்குத் தான் எழுதாத கணக்கையே சான்றாகக் காட்டலாம் என்பது இதன் பொருள்.

பின்னாளில் அமைப்பு பேரிடர்க் காயங்களுக்கான காப்பீடு ஒன்றை ஏற்படுத்தியது. 2024 ஆகஸ்ட் முதல், ஆட்டக்காலம் முடிந்து இரண்டாண்டுகள் வரை காயத்துக்கு மருத்துவக் காப்பும் தருகிறது. இவற்றைக் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் காப்பீடு என்பது தருபவர் வரையறுக்கும் கொடை. தொழிலாளர் இழப்பீடு என்பது பெறுபவர் கேட்டு வாங்கும் உரிமை. மூளை அதிர்ச்சி இருபது ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும் ஓர் ஆட்டத்தில், இரண்டாண்டுக் காப்பை வள்ளன்மை என்று கொண்டாடுவதற்கு மிகுந்த பணிவு வேண்டும்.

ஊதியம் கருதாத் தூய ஆட்டம் ஒன்று முன்பொருகால் இருந்தது, பணம் வந்து அதைக் கெடுத்துவிட்டது என்று புலம்புவோரின் வரலாறும் சோதிக்கத்தக்கது. அமெரிக்காவின் முதல் கல்லூரிகளிடைப் போட்டி 1852இல் ஹார்வர்டுக்கும் யேலுக்கும் நடந்த படகுப் போட்டி. அதற்குச் செலவு செய்தது ஒரு ரயில் நிறுவனம். தன் தடத்தில் பயணிகளை ஏற்றுவதற்காகச் செய்தது. அந்த முதல் நாளிலேயே வணிகம் துடுப்புப் பிடித்தது. ‘அமெச்சூர்’ என்னும் சொல்லோ அன்பு செய்பவன் என்னும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வேர் இனிது, அது ஏறிய கிளை இனிதன்று. 1879இல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியினர் யார் அமெச்சூர் என்று வரையறுத்தபோது, கூலிக்கு உழைக்கும் கைவினைஞரும் உடலுழைப்பாளரும் அமெச்சூர் ஆகார் என்று எழுதிவைத்தனர். போட்டியில் பணம் பெறாதிருந்தாலும், பிழைப்புக்குக் கைகளால் உழைத்தவன் விலக்கப்பட்டான். அச்சொல் பிறந்த இடத்திலேயே உழைப்பாளியை வெளியே நிறுத்தத்தான் பயன்பட்டது. கடல் கடந்தபின் அது செய்த வேலை சற்று வேறு. உழைப்பாளியை உள்ளே விட்டது; உழைப்பாளி என்னும் பெயரை வாசலில் கழற்றி வைக்கச் சொன்னது.

ஊதியத்துக்கு மாற்றாகக் கல்வி கிடைக்கிறதே என்பது இன்னொரு வாதம். கேட்பதற்கு உயர்ந்த வாதம். உயர்கல்விக்கு அமெரிக்காவில் ஆகும் செலவை அறிந்தவர் எவரும் முழு உதவித்தொகையை எள்ளி நகையாடமாட்டார். ஆனால் அந்தக் கல்வியைத் தரும் கடமை யாருக்கு? வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டுகளாக நடந்த போலி வகுப்புகளைக் கென்னத் வைன்ஸ்டைன் விசாரித்து 2014இல் அறிக்கை தந்தார். பேராசிரியரும் இல்லை, பாடமும் இல்லை. ஒரே ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் மதிப்பெண். 3,100 மாணவர்களுக்கு மேல் அவ்வகுப்புகளில் பதிந்திருந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். ஏமாற்றப்பட்ட வீரர்கள் தொடுத்த வழக்கில், மாணவ வீரர்களுக்குக் கிடைக்கும் கல்வியின் தரத்தை உறுதிசெய்யும் சட்டக் கடமை தனக்கு இல்லை என்று என்.சி.ஏ.ஏ. வாதிட்டது. 2017இல் அதே அமைப்பு, அவ்வகுப்புகள் எல்லா மாணவர்க்கும் திறந்திருந்தமையால் தன் விதிப்படி தண்டிக்க இயலாது என்று கோப்பை மூடியது. கூலி கேட்டபோது ‘கல்விதான் உன் கூலி’ என்றனர். கல்வி எங்கே என்று கேட்டபோது ‘அது எம் பொறுப்பன்று’ என்றனர். இவ்விரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபின் தொகைச்சொல்லின் முதற்பாதியை நம்புவதற்கு என்ன மிஞ்சுகிறது?

அந்த உதவித்தொகை எப்படிப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. 1973இல் என்.சி.ஏ.ஏ. நான்காண்டு உதவித்தொகையை மாற்றி, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதாக ஆக்கியது. பல்லாண்டு உதவித்தொகைக்கு மீண்டும் இடம் கிடைக்க 2012 வரை ஆயிற்று. இடைப்பட்ட காலம் முழுவதும், சரியாக ஆடாதவனுக்கு மறு ஆண்டு படிப்பு இல்லை என்று சொல்லும் ஆற்றல் பயிற்சியாளர் கையில் இருந்தது. படிப்புக்காகத் தரப்படும் தொகையைப் படிப்பைப் பார்க்காமல் பந்தைப் பார்த்து நிறுத்த முடியுமானால், அதை உதவி என்று அழைப்பவர் உதவி என்னும் சொல்லுக்கே தீங்கிழைக்கிறார்.

மாணவர் ஊழியராக இருக்கவே முடியாது என்பதும் உண்மையன்று. அதே வளாகத்தில் நூலகத்தில் அமர்பவர், உணவுக்கூடத்தில் பரிமாறுபவர், ஆட்டநாளில் அரங்கில் பொரி விற்பவர் என மணிக்கணக்கில் கூலி பெறும் மாணவர்கள் உள்ளனர். தேசியத் தொழிலுறவு வாரியம் 2016இல் கொலம்பியாப் பல்கலைக்கழக வழக்கில் பாடம் நடத்தும் ஆய்வு மாணவர்களை ஊழியர் என்று ஏற்றது. அரங்கின் படிக்கட்டில் பொரி விற்பவர் ஊழியர். அந்த அரங்கு எவரைக் காண நிரம்பியதோ அவர் மட்டும் ஊழியர் அல்லர்! வில்லனோவா அணியின் முன்னாள் வீரர் டிரே ஜான்சன் முதலானோர் தொடுத்த வழக்கில் இந்த ஒப்பீடு மையமாக நிற்கிறது. அமெச்சூர் என்னும் முத்திரை குத்தப்பட்டதனாலேயே ஒருவர் ஊழியர் ஆகமாட்டார் என்று கொள்ள முடியாது என 2024 ஜூலையில் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பெயரைப் பார்க்காதே, உறவைப் பார் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இனி, பணம் இல்லை என்னும் வாதம். பெரும்பாலான கல்லூரிகளின் விளையாட்டுத் துறைகள் கணக்கில் நட்டம் காட்டுகின்றன. பல இடங்களில் அந்நட்டத்தை மற்ற மாணவர்கள் செலுத்தும் கட்டணமே ஈடுசெய்கிறது. இது உண்மை. எனினும் நட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை விலக்கியது. இனிப் பயிற்சி தரவேண்டாம் என்பதற்காக அவருக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். வேலை செய்யாதிருப்பதற்கு இத்தனை கோடி தர முடிந்த துறை, வேலை செய்தவனுக்குத் தர ஒன்றுமில்லை என்று கைகளைக் காட்டியது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலில் முதலிடம் ஆளுநருக்கோ தலைமை மருத்துவருக்கோ உரியதன்று. பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஒருவருக்கு உரியது. மார்ச் மாதக் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பு உரிமை 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2016இல் மேலும் 880 கோடி டாலருக்கு 2032 வரை நீட்டிக்கப்பட்டது. வருவாயைப் பங்கிட வேண்டியவர்களுள் ஒருவருக்கு விலையே இல்லை என்று ஆக்கிவிட்டால், அவர் பங்கு மற்றவர்களிடம் போய்ச் சேரும். பயிற்சியாளர் சம்பளமாகவும் பளிங்குத் தரை ஒப்பனை அறைகளாகவும் அது சேர்ந்தது. இதற்கு நடுவே 2014இல் வாகைசூடிய கனெக்டிகட் கூடைப்பந்து அணியின் வீரர் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் பசியோடு படுக்கிறேன் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அதே மாதம் உணவு வரம்பு நீக்கப்பட்டது. கேட்டதும் தந்தார்கள் என்று இதைப் புகழலாம். கேட்கும்வரை தரவில்லை என்றும் சொல்லலாம்.

எதிர்வாதங்களுள் வலுவானது ஒன்று உண்டு. கால்பந்து வீரர்க்குப் பணம் போனால் நீச்சல், மல்யுத்தம், தடகளம் முதலிய துறைகளும், குறிப்பாக மகளிர் அணிகளும் மூடப்படும் என்பது அது. 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதன் நிழலில்தான் அமெரிக்க மகளிர் விளையாட்டு தழைத்தது. புதிய உடன்பாட்டின் இழப்பீட்டுக் கணக்கில் பெரும்பங்கு ஆடவர் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் செல்கிறது. அதை எதிர்த்து எட்டு வீராங்கனைகள் 2025 ஜூனில் மேல்முறையீடு செய்தனர். அவர்கள் கேள்வி நியாயமானது. பழைய சந்தையில் பெண்களின் ஆட்டத்தை விற்காமல் வைத்திருந்தவர்களே, பெண்களின் ஆட்டம் சந்தையில் விலைபோகவில்லை என்று இன்று கணக்குக் காட்டுகிறார்கள்.

ஆயினும் இவ்வாதத்தைக் கையில் எடுப்பவர் யார் என்பதைப் பார்க்கவேண்டும். பெருஞ்செல்வம் படைத்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2020 ஜூலையில் 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. எதிர்ப்புக்குப் பின் 2021 மே மாதத்தில் அம்முடிவைத் திரும்பப் பெற்றது. அந்நாளில் எந்த வீரர்க்கும் பல்கலைக்கழகம் ஊதியமோ பங்கோ தந்ததில்லை. சிறு விளையாட்டுகளை வெட்டுவதற்குக் கால்பந்து வீரரின் கூலி ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. 2020இல் பொருளியலாளர் சிலர் வெளியிட்ட ஆய்வு ஒன்று பணம் பாயும் திசையை அளந்தது. கால்பந்திலும் ஆடவர் கூடைப்பந்திலும் ஆடுவோருள் கறுப்பினத்தவரும் எளிய குடும்பத்தவரும் மிகுதி. அவர்கள் ஈட்டித்தரும் வருவாய், வசதிமிக்க வெள்ளையர் குடும்பத்துப் பிள்ளைகள் மிகுந்த மற்ற விளையாட்டுகளுக்கும் பயிற்சியாளர் சம்பளத்துக்கும் பாய்கிறது. மகளிர் விளையாட்டைக் காப்பது பொதுக்கடமை என்றால் அதன் செலவும் பொதுச்செலவாக இருக்கட்டும். அந்தக் கடனை முழங்கால் முறிந்த இருபது வயதுக் கறுப்பினப் பையனின் கணக்கில் மட்டும் எழுதுவது எந்தச் சமநீதி?

இத்தனைக்கும் பிறகு ஏன் பணம் வந்தது, பெயர் வரவில்லை? வந்த வழிதான் காரணம். வெற்றிகள் எல்லாம் தொழிலாளர் சட்டத்தின் வழியே வரவில்லை. சந்தைப் போட்டிச் சட்டத்தின் வழியே வந்தன. 1984இல் ஒளிபரப்பு உரிமை குறித்த வழக்கில் என்.சி.ஏ.ஏ. தோற்றது, ஆனால் வீரர்க்குப் பணம் தராமையே இவ்வாட்டத்தின் தனித்தன்மையைக் காக்கிறது என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் போகிற போக்கில் எழுதிய கருத்து, அடுத்த 37 ஆண்டுகள் அவ்வமைப்புக்குக் கேடயமாயிற்று. பணம் தராததுதான் இப்பொருளின் இயல்பு, ஆகவே பணம் தரலாகாது. தன் வாலைத் தானே விழுங்கும் இவ்வரையறையை 2021இல் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து நிராகரித்தனர். வேறெந்தத் தொழிலிலும் இப்படியொரு சாக்கைச் சட்டம் பொறுக்காது என்று நீதிபதி கவனா தனியாக எழுதினார். அதே ஆண்டு ஜூலை 1 முதல், வீரர்கள் தம் பெயரை விளம்பரத்துக்கு விற்கலாம் என்றாயிற்று.

சந்தைச் சட்டம் வீரரை விற்பனையாளராகக் காண்கிறது. விற்பனையாளருக்கு விலை கிடைக்கும். சங்கம் கிடைக்காது, வேலைநேர வரம்பு கிடைக்காது, காயத்துக்கு ஈடு கிடைக்காது. இந்த இடைவெளியைப் பல்கலைக்கழகங்கள் நன்கு புரிந்துகொண்டன. தொழில்முறைக் கால்பந்திலும் கூடைப்பந்திலும் ஓர் அணி செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு வீரர் சங்கத்தோடு பேரம் பேசி, பதிலுக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பும் தந்து பெறப்பட்டது. கல்லூரிகளுக்கு 2.05 கோடி டாலர் என்னும் உச்சவரம்பு கிடைத்துவிட்டது. அதற்கு ஈடாகச் சங்கம் எதையும் கேட்கவில்லை, ஏனெனில் சங்கமே இல்லை. 600 டாலருக்கு மேற்பட்ட விளம்பர ஒப்பந்தங்களைக்கூட ஓர் அமைப்பு சோதித்து ஏற்கவேண்டும். இடையில் அணி மாறினால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்னும் நிபந்தனைகளும் வந்துவிட்டன. முதலாளிக்குரிய பிடிகள் எல்லாம் கைக்கு வந்தன. முதலாளி என்னும் பெயர் மட்டும் வரவில்லை. கடமைகள் பெயரோடு ஒட்டிக்கொண்டவை ஆதலால் அவையும் வரவில்லை.

இந்த உத்தி அமெரிக்காவுக்கே உரியதென்று இந்திய வாசகர் நினைக்க வேண்டியதில்லை. ஊர் ஊராக நடந்து தாய்சேய் நலம் காக்கும் ஆஷா பணியாளர் அரசின் ஏட்டில் தன்னார்வலர்; அவர் பெறுவது ஊக்கத்தொகை. அங்கன்வாடிப் பணியாளர் பெறுவது மதிப்பூதியம். அங்கன்வாடிப் பணியாளர்க்குப் பணிக்கொடை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது. சொல்லும்வரை அந்த ‘மதிப்பு’ ஊதியத்தைக் குறைக்கவே பயன்பட்டது. வீட்டு வாசலில் உணவு கொண்டுவந்து தருபவர் அந்தச் செயலிக்கு ‘பார்ட்னர்’. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அவரை மரபான முதலாளி தொழிலாளி உறவுக்கு வெளியே நிறுத்தியே வரையறுக்கிறது.

வீரர்கள் பெயரைக் கேட்காமல் இருந்துவிடவில்லை. 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர்கள் சங்கம் அமைக்க முயன்றனர். ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் அவர்கள் அதற்காகச் செலவிடுவதைக் கணக்கிட்ட வட்டார அதிகாரி, அவர்கள் ஊழியர்களே என்றார். மேல் வாரியம் 2015இல் அதை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. இவ்விவகாரத்தில் தலையிடமாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து அணியினர் 13க்கு 2 என்னும் வாக்குக் கணக்கில் சங்கத்தில் சேர்ந்தனர். அது விளையாட்டுக்கென உதவித்தொகையே தராத கல்லூரி. கல்லூரி பேச்சுவார்த்தைக்கு மறுத்தது. நாட்டில் ஆட்சி மாறவிருந்தது. வாரியத்தின் போக்கும் மாறும் என்று தெரிந்தது. பாதகமான முன்தீர்ப்பு ஒன்று நிலைத்துவிடாமல் இருக்க 2024 டிசம்பர் 31 அன்று சங்கம் தன் மனுவைத் திரும்பப் பெற்றது.

நீதிமன்றத்தில் தளரத் தொடங்கிய சொல்லை இப்போது நாடாளுமன்றத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்தப் பார்க்கிறார்கள். 2025 ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் முன்மொழியப்பட்ட ‘ஸ்கோர்’ சட்ட வரைவு மூன்று காரியங்கள் செய்கிறது. சந்தைப் போட்டிச் சட்டத்திலிருந்து கல்லூரி விளையாட்டுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. மாநிலச் சட்டங்களை மேலோங்கி நிற்கிறது. மாணவ வீரர் எவரும் ஊழியராகக் கருதப்படலாகாது என்கிறது. முதலிரண்டைப் பற்றியே விவாதம் நடக்கிறது. யாருக்கு எத்தனை கோடி, எந்த வரம்பு, எந்த மாநிலம் என்று தொலைக்காட்சிகள் கணக்கிடுகின்றன. மூன்றாவது வரியில் எண் எதுவும் இல்லாததால் அதை எவரும் திரையில் காட்டுவதில்லை. ஜான்சன் வழக்கு இன்று கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை, விடை வருவதற்கு முன்பே கேட்கத் தகாததாக ஆக்கிவிடக்கூடியது அந்த வரிதான்.